எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

காலை பதினொரு மணிவரை லிஃப்ட் மெக்கானிக்குக்கு எண்களோடு எந்தச் சண்டையும் இல்லை. எட்டுக்குப் பிறகு ஒன்பது வரும் என்று நம்பி ஐம்பத்தேழு வருடம் வாழ்ந்துவிட்டார். பதினொன்று ஐந்துக்கு அவருடைய மகள், நிறைமாத வயிறோடு, எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே லிஃப்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தாள். வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள். ஆம்புலன்ஸ் கீழே வாசலில் நின்றது.

அவரும் மகளும் குடியிருந்தது அதே பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடியை ஒட்டிய இரண்டு அறைகளில். பக்கத்திலேயே லிஃப்டின் மோட்டார் அறை. தரையில் கம்பிக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாக மகளின் முனகல் மேலே வந்தது. மெக்கானிக் அதன் அருகே மண்டியிட்டிருந்தார். பழைய நாளாக இருந்தால் மோட்டாரில் கைச்சக்கரத்தை மாட்டிச் சுற்றி, கால் மணியில் இறக்கியிருப்பார். ஆறு வாரத்துக்கு முன் அதை அவரே கழற்றி இரும்புக்கடையில் போட்டார். இனி எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். கரண்டை நிறுத்தினால் பிரேக் இறுகிக்கொள்ளும். தீயணைப்பு வண்டியோ ஊரின் மறுகோடியில், ஒரு தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவர்கள் அறையிலேயே இருந்தார்கள். ஒரு அக்கா, ஒரு தம்பி. மோட்டாரை ஓட்டும் பெட்டிக்கு அக்கா 'சி' மொழியில் எழுதினாள். கதவுக்கும் பட்டனுக்கும் உள்ள பெட்டிக்குத் தம்பி 'லுவா' மொழியில் எழுதினான். இரண்டு பெட்டியும் ஒத்துப்போனால்தான் லிஃப்ட் நகரும். இரண்டு பெட்டியும் பிறந்ததிலிருந்து ஒத்துப்போனதே கிடையாது. 'சி' பூஜ்யத்திலிருந்து எண்ணும், 'லுவா' ஒன்றிலிருந்து எண்ணும். அதனால் லிஃப்ட் கம்பெனியில் நடுவே ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். இந்தப் பக்கமிருந்து வரும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அந்தப் பக்கம் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலை. போன வெள்ளிக்கிழமை மாலை மரியாதை எல்லாம் செய்து ஓய்வுக்கு அனுப்பினார்கள். அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்று காலை புது வெர்ஷன் ஏற்றினார்கள். அக்காவின் பெட்டி எட்டு என்றது. தம்பியின் பெட்டி அதே இடத்தை ஒன்பது என்றது. லிஃப்ட் நல்ல குடும்பத்துப் பிள்ளை. யார் மனமும் நோகாமல் நடுவில் நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு? லிஃப்டுக்கு உங்க மொழி புரியலையா? வேற யாராவது தெரிஞ்சவங்களக் கூப்பிடட்டுமா?" என்றார் மெக்கானிக்.

"மொழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா, இவன் எழுதினதுதான் மொழியே இல்ல. நடைவண்டி. விழாம நடக்கப் பழகுறவங்களுக்கு" என்றாள் அக்கா.

"உன்னுது கத்திக்கா. பிடி இல்லாத கத்தி. கொஞ்சம் அசந்தா கையில பாதி இருக்காது."

"உலகமே அதுலதான்டா ஓடுது."

"அதான் உலகம் இந்த லட்சணத்துல இருக்கு."

"இதையே ஜாவா மொழியில எழுதியிருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"லிஃப்ட் தயாராகுறதுக்குள்ள மாமா பேரன் படியேறிப் பள்ளிக்கூடம் போயிருப்பான்" என்றான் தம்பி. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஓட்டை வழியாக வேறொரு குரல் வந்தது. பதினோராவது மாடியில் ஏறி மகளோடு மாட்டிக்கொண்ட பல் டாக்டரம்மா. "அண்ணே, நான் பல்லுக்குத்தான் படிச்சேன். இதுவும் ஒருவிதத்துல வெளிய எடுக்குறதுதானேன்னு சமாளிக்கிறேன். ஆனா சீக்கிரம்."

மெக்கானிக் அக்காவின் பக்கம் திரும்பினார். "இதுக்கு என்னதான்மா செய்யணும்?"

"ஒண்ணுமில்ல மாமா, ஒரு வரி. அவன் ஒண்ணக் கழிச்சாப் போதும்" என்றாள் அக்கா.

"இல்லன்னா அவ ஒண்ணக் கூட்டினாப் போதும்" என்றான் தம்பி.

இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டினால் தன் மொழி தப்பென்று அக்காவுக்கு ஆகிவிடும். கழித்தால் தம்பிக்கு அதே கதி. கீழே மகள் "அப்பா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். மெக்கானிக் கிரீஸ் கையோடு இருவர் காலையும் ஒன்றாகப் பிடித்தார்.

"பெத்த மனசு பதறுது தாயி. பூஜ்யமோ ஒண்ணோ, எனக்கு அவ ஒருத்திதான்."

அதைக் கேட்டுக் கல்லும் கரையும். இவர்களும் கரைந்தார்கள். அதில்தான் வினை வந்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, அக்கா ஒன்றைக் கூட்டினாள், அதே நொடியில் தம்பி ஒன்றைக் கழித்தான். லிஃப்ட் ஒரு முழம் ஏறி நின்றது. இப்போது அக்காவின் பெட்டி ஒன்பது என்றது, தம்பியின் பெட்டி எட்டு என்றது.

"நீ எதுக்குடா மாத்துன?"

"உனக்காகத்தான்க்கா. நீ எதுக்கு மாத்துன?"

இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. பாசத்தோடு இருவரும் பழையபடி மாற்றினார்கள், மறுபடியும் ஒரே நொடியில். லிஃப்ட் ஒரு முழம் இறங்கியது. இப்படி மூன்று முறை. "அண்ணே, ஊஞ்சல் ஆட்டாதீங்க, தலை தெரியுது" என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் எழுந்தார்.

"ரெண்டுல ஒரு பெட்டி செத்துட்டா என்ன ஆகும்?"

"மத்தது தனியா முதல் மாடிக்கு இறக்கிடும்னு எழுதியிருக்கோம், ஆனா சோதிச்சுப் பாத்ததில்ல" என்றாள் அக்கா.

"முதல் மாடின்னா எது?"

"பூஜ்யம்" என்றாள் அக்கா. "ஒண்ணு" என்றான் தம்பி. மெக்கானிக்குக்குப் புரிந்தது. எந்த மொழியிலும் கீழே என்றால் கீழேதான்.

பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு சாம்பல் நிற வயர்கள் பின்னிக் கிடந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பிடுங்கினால் கயிறு தாங்குமா, லிஃப்ட் பாய்ந்து விழுமா என்பதும் தெரியாது. கண்ணை மூடி, கைக்கு அகப்பட்டதை இழுத்தார். இரண்டு லேப்டாப்பும் ஒன்றாக உறைந்தன. மூச்சு விடும் நேரம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு கம்பிக் கயிறு, வழக்கமான அலுப்போடு, ஓடத் தொடங்கியது.

அவர் பதினான்கு மாடியையும் படியில் இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி உருண்டார். கீழே கதவு திறந்தபோது டாக்டரம்மா வெள்ளைக் கோட்டில் ஒரு மூட்டையை வைத்திருந்தார். மூட்டை வீறிட்டது. மகள் சுவரில் சாய்ந்து, "அப்பா, முட்டியில ரத்தம்" என்றாள். அவர் குனிந்து பார்க்கவில்லை. பேத்தியின் விரல்களை எண்ணினார். ஒன்றிலிருந்துதான் எண்ணினார். பத்து இருந்தது.

ஆம்புலன்ஸ் போனது. மூச்சிரைக்க ஓடி வந்திருந்த அக்காவும் தம்பியும் லிஃப்ட் வாசலில் நின்றார்கள். பிடுங்கப்பட்ட வயர் யாருடையது, இறக்கியது யார் மொழி என்று மேலே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது.

"நீ ஏறிப் போய்ப் பாரு" என்றாள் அக்கா.

"நீ மூத்தவ, நீ போ" என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் இருவரும் அதன் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.