ஒன்பது மாதக் குழந்தையின் வெளி உணவு

1

இந்தக் கதை ஒரு மேசையிலிருந்து வந்தது. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில், ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவின் வாசலில் அந்த மேசையைப் பார்த்தேன். பூங்காவையும் அது இருக்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். இனி வரப்போகிற ஆட்களும் நான் உண்டாக்கியவர்கள். ஆகவே யாரும் தேடிப் போக வேண்டாம்.

உள்ளே போகிறவர்களின் பைகளிலிருந்து எடுத்த பொருட்களை அந்த மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். தண்ணீர் பாட்டில்கள், முறுக்குப் பொட்டலம், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, பாதி தின்ற பிஸ்கட். நடுவே உள்ளங்கை அளவில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியோடு சேர்த்து ஒரு சின்னக் கரண்டி ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தது. மூடியில் சிவப்பு நகப்பூச்சால் 'ஜெ' என்று ஓர் எழுத்து. கிறிஸ்தவ ஆலயத்து விருந்துக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள், மாறிப் போகாமலிருக்க இப்படித்தான் எழுதி அனுப்புவார்கள்.

மேசைக்கு மேலே பலகை: 'அன்பான வேண்டுகோள். வெளி உணவுகளுக்கு அனுமதி இல்லை. குழந்தை உணவு உட்பட.'

கடைசி வரி மட்டும் புதுப் பெயிண்டில் இருந்தது. அதாவது, முன்பு எப்போதோ ஒரு தாய் இங்கே நின்று வாதாடியிருக்கிறாள். பலகையில் குழந்தை உணவு என்று எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் மறுநாள் பெயிண்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அதோடு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியதும் கோபம் தீர்ந்துபோகாமல் தாள் மட்டும் தீர்ந்தது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"அலைக்குளத்தின் நீலம் ஜெனிலாவின் கண்களில் ஏறியபோது..." (செயற்கை அலை அடிக்கும் அந்தக் குளம் பூங்காவின் உள்ளே. அவள் இன்னும் வாசலையே தாண்டவில்லை.)

"லாப வெறி தன் நீண்ட கையை ஒரு பச்சைக் குழந்தையின் கிண்ணத்துக்குள்..." (இது துண்டறிக்கை. ஜங்ஷனில் நின்று விநியோகிக்கலாம்.)

"புதுக்கடை ஊரில் டயர் கடை ஒன்றில் வேலை பார்க்கும் சிஜின் ஒரு கஞ்சன்."

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். டப்பா மூடியின் 'ஜெ'வுக்கு நான் வைத்த பெயர் ஜெனிலா; அவள் கணவன் சிஜின். கதையில் ஒரு கஞ்சன் இருந்தால் வேலை சுலபம் என்று நினைத்தேன். அதை உபைத்திடம் காட்டினேன். தேங்காய்ப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். நான் எழுதுவதை முதலில் படிப்பவன், முதலில் திட்டுபவனும் அவனே.

"ஓய், இவன் கஞ்சன்னு ஒமக்கு ஆரு சொன்னா?"

"நான்தான் சொல்லுகேன். எழுதுறவன் நானில்லியா?"

"டயர் கடையில கொடுக்கிய சம்பளத்துல ரெண்டு டிக்கெட்டு எடுத்து, பெண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுப் போறான். அவன் கஞ்சனா? நீரு ஒம்ம வீட்டுக்காரிய எங்க கூட்டிட்டுப் போனீரு? கல்யாணத்துக்குப் பெறவு ரேஷன் கடைக்கா?"

அடித்தேன். சிஜின் கஞ்சன் அல்ல, கணக்குப் பார்க்கிறவன். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டால் உள்ளே எதற்கும் கொடுப்பதற்கில்லை. காலையில் வீட்டில் வயிறு நிறையப் புட்டு. திரும்பும் வழியில் புதுக்கடையில் பொரோட்டா. நடுவே பசித்தால் பொறுத்துக்கொள்வது. பெரியவர்கள் இரண்டு பேரும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதமான மகள் அக்ஸாவிடம் மட்டும் இந்த ஒப்பந்தம் செல்லாது. அவளுக்காகத்தான் டப்பா.

3

உபைத் இன்னொன்றும் கேட்டான். "கடலு ஓசியில கெடக்கு. இவளுக்கு என்னத்துக்கு ஓய் காசு கொடுத்து அலைக்குளம்?"

நியாயமான கேள்விபோலத் தோன்றும். மாலையில் குளச்சல் கடற்கரையில் போய் நின்று பாருங்கள். ஆண்கள் குளிப்பார்கள். பையன்கள் தலைகீழாகப் பாய்வார்கள். பெண்கள் கணுக்கால்வரை நனைவார்கள். பெரிய அலை வந்தால் சிரித்துக்கொண்டே மணலுக்கு ஓடிவருவார்கள். கடல் எல்லோருக்கும் ஓசிதான். பெண்களுக்குக் கணுக்கால்வரை மட்டும் ஓசி.

ஜெனிலா நெய்யூர்ப் பக்கம் பிறந்தவள். ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கூட வேலை பார்ப்பவள் ஒருநாள் போனில் வீடியோ காட்டினாள்: அலைக்குளத்தில் கழுத்துவரை தண்ணீரில் பெண்கள், யாரும் யாரையும் பார்க்காமல் தங்கள்பாட்டுக்குக் கூச்சல் போடுகிறார்கள். அன்று இரவு சிஜினிடம் சொன்னாள்:

"எனக்கு ஒருக்கா கழுத்து வர வெள்ளத்துல நிக்கணும்."

"நம்ம கொளம் இருக்கே ஏட்டி."

"நின்னா? 'சிஜினுக்க பெண்டாட்டி கொளத்துல நிக்கியா'ன்னு விடியதுக்குள்ள சபை முழுக்கத் தெரியும். சர்ச்சு ஐயரே வீட்டுக்கு வந்து ஜெபிச்சிட்டுப் போவாரு."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கழுத்துவரை தண்ணீர். கதையில் ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது தெரியாமல் எழுதக் கூடாது என்பார்கள். எனக்கு இது தெரிந்த பிறகுதான் கோபம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

4

இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார்கள். டிக்கெட் எடுத்தார்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பித் தர முடியாது. வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது.*

வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி. அதன் காலில் சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே உயரமுள்ள குழந்தைகளுக்கு இலவசம். காவலுக்கு நின்ற செல்வதாஸ் அக்ஸாவைக் காட்டினார்.

"பிள்ளைய அதுல சாச்சு நிறுத்து மக்கா."

"மாமா, இவ நிக்கவே மாட்டா," என்றான் சிஜின். "நாலு காலுல போற சாதனம்."

"கேமரா இருக்கு மக்கா. அளக்காம விட்டா என்னை அளப்பாவ."

இரண்டு கக்கத்திலும் பிடித்து நிறுத்தினார்கள். அக்ஸா ஒட்டகச்சிவிங்கியின் முழங்காலை நக்கினாள். கோட்டுக்கு வெகு கீழே இருந்தாள். இலவசம்.

அடுத்து பை. செல்வதாஸின் கை டப்பாவில் பட்டது. மூடியைத் திறந்தார். ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய்ப் பொடியில் காய்ச்சிய கூழ்.

கவனியுங்கள்: ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் அக்ஸா ஓர் ஆள் அல்ல. இரண்டடி தள்ளி மேசையின் முன்னால் ஆள் ஆகிவிட்டாள். உள்ளே இருக்கிற கடையில் சாப்பாடு வாங்க வேண்டிய வாடிக்கையாளர். பல் இரண்டுதான் முளைத்திருக்கிறது.

* பூங்காவுக்குப் போன் போட்டு ஏன் இந்த விதிகள், கூழுக்கு ஏன் தடை என்று கேட்டேன். "உங்கள் பாதுகாப்புக்காக" என்றது ஒரு குரல். கூழிடமிருந்து என்னைப் பாதுகாக்கிறார்களா, என்னிடமிருந்து கூழையா என்று கேட்பதற்குள் பாட்டு போட்டுவிட்டார்கள்.

5

"வெளிச் சாப்பாடு உள்ள விடப்பிடாது மக்களே," என்றார் செல்வதாஸ்.

"சாப்பாடு இல்ல மாமா. பிள்ளைக்க கூழு," என்றாள் ஜெனிலா.

"போர்டப் பாரு."

"பாத்தேன். உள்ள கடையில விக்கிய டப்பா மாவு இவளுக்கு ஒக்காது மாமா. போன வாரம் கொடுத்து, குடிச்சதெல்லாம் வெளிய சத்திச்சு, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வீட்டுக் கூழு மட்டும் போதும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"நானும் பிள்ளைக்காரன்தான். எனக்குத் தெரியாதா? இங்கன வச்சிட்டுப் போ. வரும்போ எடுத்துக்கிடலாம்."

"வரும்போ எனக்கு எதுக்கு? பிள்ளைக்கு மத்தியானமில்லா பசிக்கும்?"

சிஜின் குறுக்கே வந்தான். "நான் வெளிய நிக்கேன். டப்பாவும் பிள்ளையும் எனக்கக்கூட இருக்கட்டும். நீ போய்க் குளிச்சிட்டு வா."

"பால் குடிக்கிய பிள்ளைய வெயிலுல வச்சுக்கிட்டு நீ நிப்பே, நான் உள்ள போய்க் கூத்தாடணுமா?"

ஜெனிலா வெகுண்டெழுந்து, அந்த மேசையை ஒரே தள்ளாகத்

(இல்லை. இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். மேசையைத் தள்ள வேண்டும் என்பது என் ஆசை. என் ஆசைக்கு அவள் ஏன் கையை ஓங்க வேண்டும்? பில் போடும் இடத்தில் நாள் முழுக்கப் பிறர் கத்துவதைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு நிற்கிறவள். கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்: 'பொம்பள என்னமா கத்துறா பாரு' என்று யாராவது போனைத் தூக்குவார்கள். அந்த வீடியோவும் சபைக்குப் போகும்.)

சரி, கத்த மாட்டாள். அழுவாளா? அழ விட எனக்கு மனமில்லை. இந்த இடத்தில் கதை பல நாள் நின்றது. உபைத் தினமும் கேட்டான்: "என்ன ஓய், அந்தப் பிள்ளை இன்னும் வாசல்லதான் நிக்கியா?"

6

அக்ஸா அழுதாள். ஜெனிலா ஒட்டகச்சிவிங்கியின் நிழலில் தரையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டாள். மேசையிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டாள். செல்வதாஸ் தடுக்கவில்லை.

மேனேஜர் வந்தார். கையில் வாக்கி டாக்கி, வெளியூர்க்காரர்.

"மேடம், இங்க உட்காரக் கூடாது. இது நுழைவாயில்."

"பிள்ளைக்குக் கொடுத்திட்டு எழும்புகேன் சார்."

"அதுதான் மேடம் முடியாதுங்கிறேன். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும்—"

ஜெனிலா மூடியைத் திறந்தாள். பிறகு, வீட்டில் ஒவ்வொரு வேளையும் செய்வதுபோலக் கண்ணை மூடினாள்.

"எங்களை நேசிக்கிற பரலோகப் பிதாவே."

மேனேஜர் அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். பக்கத்தில் செல்வதாஸ் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிவிட்டார். (அவர் ஏதோ ஒரு சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் ஜெபத்தின் நடுவே பேசுகிறவன் பிறகு ஊரில் வாழ முடியாது.) வரிசையில் ஞாயிறு பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள் நின்றார்கள். குரல் கேட்டதும் பழக்கத்தில் வரிசை முழுக்கக் கை கூப்பி, தலை குனிந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்ற பர்தா அணிந்த பெண்ணொருத்தி பேசிக்கொண்டிருந்த போனைத் தாழ்த்தினாள். மேனேஜர் வாயை மூடிக்கொண்டார்.

"இந்தக் கூழுக்காக ஸ்தோத்திரம். ஏத்தங்காயைக் காயவைத்த வெயிலுக்காக ஸ்தோத்திரம். இந்த வாசலில் நிற்கிற செல்வதாஸ் மாமாவை ஆசீர்வதியும். அவர் மனதறிந்து ஒன்றும் செய்யவில்லை என்று நீர் அறிவீர்."

செல்வதாஸ் "ஆமா" என்று முனகினார். மாமாவின் பெயர் சட்டையில் குத்தியிருந்தது. ஜெனிலா பில் போடுகிறவள், பெயர்களைப் பார்க்கிற பழக்கம் உண்டு.

"இந்தப் பலகையை எழுதச் சொன்னவரையும் நினைத்தருளும் ஆண்டவரே. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். அந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் மாதத்தில் எந்தக் கடையில் வாங்கித் தின்றன என்று அவருக்கு ஞாபகப்படுத்தும். அங்க நிக்கிய சாருக்கும் நல்ல புத்தியக் கொடும். அவருக்க அம்மை அவருக்குக் கூழு காய்ச்சிக் கொடுத்திருப்பா. அதையும் ஆராவது பிடுங்கி மேசையில வச்சிருந்தா, இண்ணு அவரு இவ்வளவு ஒசரம் வந்திருப்பாரா ஆண்டவரே?"

மேனேஜரின் காது சிவந்தது. அவள் பேசுவது அவரிடம் அல்ல. அவருக்கு மேலே உள்ள ஒருவரிடம்.

சிஜின் ஒரு கண்ணைத் திறந்தான். நிலைமையைப் பார்த்தான். கரண்டியை எடுத்து அக்ஸாவுக்கு ஊட்டத் தொடங்கினான்.

(உபைத்: "ஜெபத்துக்கு எடையில தின்னலாமா ஓய்?" நான்: "பேசத்தான் கூடாது.")

ஆனால் அக்ஸா நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பினாள். மீதிக் கூழ் மத்தியானத்துக்கு. மத்தியானம் வாசலுக்கு உள்ளே இருக்கிறது. சிஜின் மெல்லச் சொன்னான்:

"ஏட்டி, பிள்ளை போதும்ங்கியா."

ஜெனிலா ஜெபத்தை முடிக்கவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"ஆண்டவரே, நான் பெருசா ஒண்ணும் கேக்கல்ல. கழுத்து வர வெள்ளத்துல ஒருக்கா நிக்கணும்னு நெனச்சேன். பிள்ளைக்க வயிறு காயாம அதுக்கு வழி உண்டுமா?"

வரிசையில் ஒரு பெண் "ஸ்தோத்திரம்" என்றாள். மற்றொருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

7

இங்கே நிறுத்துகிறேன். அவள் ஆமென் சொன்னதும் மேனேஜர் பேசலாம். அவர் பேசினால் கதை முடிந்துவிடும். எப்படி முடியும் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மேனேஜர் மனமிளகி, டப்பாவோடு உள்ளே விட்டார். ஜெனிலா கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். வாசிக்கிறவர்கள் நிம்மதியடைவார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. பலகை அங்கேயே இருக்கிறது. நாளை வருகிறவளுக்கு நன்றாக ஜெபிக்கத் தெரியாவிட்டால்?

இன்னொன்றில் டிக்கெட்டைக் கிழித்தெறிந்துவிட்டுக் குளச்சலுக்குப் பஸ் ஏறினார்கள். கடல் அவர்களை வரவேற்றது. பொய். கடல் கணுக்கால்வரைதான் வரவேற்கும். ஏழைகளிடம் பணத்தைப் பறித்த பிறகு அவர்களுக்கு இயற்கையைக் கொடுத்துத் தேற்றுவது எழுத்தாளர்களின் பழைய மோசடி.

மூன்றாவதில் டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஜெனிலா தண்ணீரில் இறங்கினாள். முழங்காலளவு வந்தபோது கரையில் அக்ஸா பசித்துக் கத்தினாள். ஜெனிலா திரும்பி ஏறினாள். இதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்க நான் பூங்காவின் ஊழியன் அல்ல.

மூன்றையும் கிழித்தேன். உபைத் கோபப்பட்டான். "பின்ன அவ எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருப்பா? வாய் வலிக்காதா?"

வலிக்கும். சொற்களும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. இப்போது வானத்தையும் பூமியையும் படைத்ததற்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேரம் கடத்துகிறாள் என்று செல்வதாஸுக்கே தெரிந்துவிட்டது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் ஒன்று கண்ணைத் திறந்து பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறது.

வரிசையில் உங்களையும் நிறுத்தியிருக்கிறேன். கையில் டிக்கெட் இருக்கிறது, பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அவள் ஆமென் சொல்லப்போகிறாள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம்.

மேனேஜர் பேசுவதற்கு முன்னால் நீங்கள் பேசுங்கள்.