அத்தையின் சுக்கான்

மாமனார் இறந்த பிறகு அவருடைய பாய்மரப் படகைத் தொட ஆளில்லை. படகைத் திருப்பும் சுக்கானின் தண்டு படகின் அடியைத் துளைத்து இறங்கும் இடத்தில், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் காய்ந்து வெடித்து, உள்ளே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. ஸ்டீயரிங் சக்கரமோ இரண்டு கையால் இழுத்தாலும் அசையாது.

மகன் ஓர் உடைசல் வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டு வந்தான். "அறுத்து எடுத்துட்டுப் போயிடுவாரு. தலைவலி விட்டுது."

"படகு யார் பேர்ல இருக்கு?" என்றாள் அவன் அம்மா.

"உன் பேர்லதான். அதுக்கு? நீயா ஓட்டப் போற?"

"உங்கப்பா தூங்குறப்பல்லாம் வேற யாரு ஓட்டினா?"

அவன் சிரித்தபடி மனைவியைப் பார்த்தான். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவள் அவள். "சீல்தானே அத்தை, நான் பாக்குறேன்" என்றாள். அவன் முகம் தொங்கிப்போனது. அதுவரை மாமியாரும் மருமகளும் சமையலறையில் ஒன்றாக நின்றால் பாத்திரங்கள் மட்டும்தான் பேசும்.

படகுப் பட்டறையில் கிரேனால் படகைக் கரையேற்றி முட்டுக் கொடுத்தார்கள். சுக்கான் கீழே இறங்க இடம் வேண்டும் என்று அடியில் குழி வெட்டி, அதைக் கழற்றி இறக்கினார்கள். சக்கரத்தையும் சுக்கானையும் இணைக்கும் துருவேறிய கம்பிக் கயிறுகளை மாற்றி, கப்பிகளுக்கு மசகு போட்டதும் சக்கரம் இளகியது. புது சீலைப் பொருத்திப் படகைத் தண்ணீரில் இறக்கினால், மறுபடியும் கசிவு.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் மகன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

மருமகளுக்குக் காது சுட்டது. மாமியார் அவன் பக்கமே திரும்பவில்லை. கிரேன்காரரிடம், "திரும்பத் தூக்குங்க" என்றாள்.

இம்முறை மாமியாரே தண்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்த்தாள். "இங்க பள்ளமா இருக்கே."

பழைய சீல் உரசி உரசித் தண்டையே தின்றிருந்தது. புதியதும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்திருந்தது. மருமகள் சீலுக்கு அடியில் ஒரு வளையம் வைத்து, தண்டின் தேயாத இடத்துக்கு அதை ஏற்றிப் பொருத்தினாள். தண்ணீரில் இறக்கியதும் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, துணியால் தடவினாள். ஈரமே இல்லை.

அதற்குள் வியாபாரி லாரியோடு வந்து நின்றார்.

"அவரை அனுப்பிடுங்க" என்றாள் கணவனிடம்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"வாக்கு உங்களோடது. படகு அத்தையோடது."

சொல்லிவிட்டுப் படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். மாமியார் சக்கரத்தைப் பிடித்தாள். துறைமுக வாயைத் தாண்டியதும் அலை பக்கவாட்டில் அறைந்தது. படகு சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது.

மருமகள் கீழே போய்த் தண்டைப் பார்த்துவிட்டு வந்தாள். "காஞ்சுதான் இருக்கு அத்தை."

மாமியாரின் போன் அடித்தது. திரையில் மகன்.

"எடுக்கலையா?"

"அடிக்கட்டும். நீ பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு."