அக்கா வெட்டிக் கொடுத்த துண்டு

என் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வந்த அரிப்புத் தடிப்பைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோப்பை மாற்று, கத்தரிக்காயைத் தொடாதே. அக்கா மட்டும் ஒரே பல்லவி: "உன் உடம்புவாகுடி அது. தையலை விட்டுட்டு வீட்ல இரு." வீட்டில் இருந்து சுவரையா சொறிவது? அக்காவின் தையல் கடையில் நான் மெஷின் மிதிப்பதுதான் என் சோறு. கோட்டுக்கு உள்ளே வைக்கும் கருநீல லைனிங்கைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தைப்பேன்.

தோல் டாக்டரம்மா சொன்னார்: "துணிச் சாயமா இருக்கலாம். ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியா முதுகுல ஒட்டிப் பார்ப்போம். நீங்க தைக்கிற துணியிலயும் ஒரு துண்டு கொண்டாங்க."

"நீ அலையாதடி, நானே வெட்டித் தரேன்" என்று அக்கா கவரில் போட்டு ஒட்டியே கொடுத்தாள். பாசம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. பிரித்துக்கூடப் பார்க்காமல் நர்ஸிடம் நீட்டினேன், புத்தி கெட்டவள்.

முதுகில் ஒட்டி அனுப்பியதை நனைக்காமல் இரண்டு நாள் குப்புறக் கிடந்துவிட்டுப் போனேன். டாக்டரம்மா ஒட்டுகளை உரித்தார்.

"நீலச் சாயம் வச்ச இடம் தடிச்சுக் கொப்புளிச்சிருக்கு. ஆனா உங்க கடைத் துணி ஒண்ணும் பண்ணல. இந்தச் சாயம் வேற எங்கயோ உங்க மேல படுது."

"அந்தத் துண்டைக் காட்டுங்க" என்றேன்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. பருத்தி. நான் தைப்பதோ வழுவழுவென்று கைநழுவும் பாலியஸ்டர்.

நேரே கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்கா முன்னால் துண்டை விட்டெறிந்தேன்.

"ஏன்க்கா மாத்திக் கொடுத்த?"

"கத்தாதடி. லைனிங்தான் காரணம்னு தெரிஞ்சா கடை மானம் போயிடும்."

"என் தோல் போனா பரவால்லயா? என்னையே நோயாளியாக்கித் துரத்தப் பாத்தியே!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "துரத்தலடி. அதத் தொடாம இருந்தா ஆறிடும். எனக்கு அப்படித்தான் ஆறுச்சு."

"உனக்கா?"

"ஆமா. அதனாலதான் நான் கல்லாவுக்கு வந்துட்டு, உன்னக் கூப்பிட்டு மெஷின்ல உக்கார வச்சேன்."

அடிப்பாவி! கூடப் பிறந்தவள், தெரிந்தே உட்கார வைத்திருக்கிறாள். வேலை கொடுத்த மகராசி என்று போவோர் வருவோரிடமெல்லாம் அவள் புகழ் பாடியிருக்கிறேன் நான்.