பகலுக்கு ஓர் அளவு

மட்டையில் பந்து பட்டால் டொக். வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் திருப்பி அடித்தால் இன்னொரு டொக். அந்த விளையாட்டுக்குப் பிக்கிள்போல் என்று பெயராம். ஜக்சன் கனடாவிலிருந்து வந்து உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே விடுதி கட்டியபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். என் மனுசன் பற்றிக்கின் சித்தப்பா மகன் அல்லவா! எங்கள் படுக்கையறை யன்னலுக்கு நேரே அந்த நாசமாய்ப் போன கோர்ட்டைப் போடுவான் என்று யார் கண்டது?

பற்றிக் பொழுதுபடக் கடலுக்குப் போனால் விடியத்தான் வருவார். மீனைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தால் பின்னேரம்வரை நித்திரை. எங்கள் வீட்டில் பகல்தான் இரவு. கோர்ட் வந்த பிறகு தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடந்தார். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தூங்கி விழுந்தார். நித்திரையில்லாமல் போட் ஓட்டுகிறவனைக் கடல் சும்மா விடுமா?

ஜக்சனிடம் போய்க் கத்தினேன். அவன் கோபப்படவேயில்லை, சிரித்தான்.

"ஏன் மச்சாள் சண்டை? சத்தத்தை அளக்கிற ஆக்கள் இருக்கினம். மெசின் சொல்லுறதை ரெண்டு பேரும் கேப்பம்."

"ஓம், அளக்கட்டும். உன்னை மாதிரி மெசினுக்குப் பொய் சொல்ல ஏலாது."

மெசின் சொல்வதற்குக் கட்டுப்படுவோம் என்று கோயிலில் பாதருக்கு முன்னால் இருவரும் சத்தியமும் பண்ணினோம். என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டேன், விசரி.

அளக்க வந்த சோமசேகரம் ஐயா சாந்தமான மனிதர். அவர் வரும்போது படுத்திருக்கும்படி பற்றிக்குக்கு எத்தனை தரம் சொன்னேன்! "வீட்டுக்கு ஆள் வரேக்க படுத்துக் கிடக்கிறதே? என்ன மரியாதை அது?" என்று முகம் வழித்து, பூசைக்குப் போடுகிற சேட்டைப் போட்டு, வாசலில் கதிரை வைத்து வரவேற்றார். சோடா உடைத்துக் கொடுத்தார். மீன் கதை சொல்லிச் சிரித்தார். யன்னலடியில் கருவி சத்தத்தை அளந்துகொண்டிருந்தது.

"பகல் அளவுக்குள்ளதான் நிக்குது அம்மா" என்றார் ஐயா.

"இவருக்கு இதுதானே ஐயா இரவு!"

"சட்டத்தில இரவு எண்டா இரவுதான். அதோட, இவர் நல்ல உசாராத்தானே இருக்கிறார்?"

பற்றிக் வெட்கத்தோடு தலையாட்டினார். வந்தவரிடம் இல்லை என்று சொல்ல அந்த மனுசனுக்கு வராது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதிரையாலேயே அவர் மண்டையில் போட்டிருப்பேன்.

அடுத்த கிழமையே ஜக்சன் இரண்டாவது கோர்ட்டும் போட்டான். "அளவுக்கு இன்னும் இடமிருக்கு மச்சாள்" என்றான், அறுவான்.

மாரி தொடங்குமுன் ஒரு விடியற்காலை, கூடத் தொழிலுக்குப் போகும் கிண்ணியா இஹ்ஸான் நனைந்த உடுப்போடு ஓடிவந்தான்.

"திரேசக்கா, எஞ்சினைப் பிடிச்சபடியே நித்திரையாப் போயிட்டார். நான் முன்னால வலையோட நிண்டனான். கூப்பிட்டனான், கேக்கேல்ல. பாறையில அடிச்சிட்டுது. என்னால அவரைப் பிடிக்க ஏலாமப் போச்சு அக்கா."

அன்று பின்னேரமே பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். இருட்டிய பிறகு பாதர் செபம் சொல்லி முடித்ததும் பெண்கள் ஒப்பாரி தொடங்கினார்கள். நானும் நெஞ்சிலடித்துக் கத்தினேன். ஜக்சன் கறுப்புச் சேட்டோடு வந்தான். அழத்தான் வந்தான் என்று நினைத்தேன். கையில் போன்.

"குறை நினைக்காதேங்கோ மச்சாள். விடுதியில ஆக்கள் படுக்கினம். பொழுதுபட்டா இரவு அளவுதானே. பாருங்கோ, போனில அளந்தனான், தாண்டிட்டுது. கொஞ்சம் மெதுவா அழச் சொல்லுங்கோ."

போனில் இலக்கம் சிவப்பாக நின்றது. பாதரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"சரி தம்பி, மெசின் சொன்னாச் சரிதான். நாளைக்கு ஆக்களை நல்லா அடிச்சு விளையாடச் சொல்லு. இனி அவர் எழும்பமாட்டார்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நாங்கள் சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதோம். விடிந்ததும் அவர்கள் விளையாடினார்கள்.