ஓசிப் படம்

1957 ஆகஸ்டில் எனக்குப் பதினான்கு வயது. அதுவரை ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஊரான காஜா பெராங்கில் என்னைத் தவிர எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

காரணம் என் அம்மா அஞ்சலை. யார் எதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். ஒரே வாசல் உள்ள இடத்துக்குள் கால் வைக்கமாட்டாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். சூடு பட்டது அவளுக்கு, அடுப்பங்கரைக்குப் போகக்கூடாதது நானா? எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அழாமல், அரிசி களைந்துகொண்டே சொல்லுவாள். ஜப்பான்காரன் காலம். ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் ஓசிப் படம் என்றார்கள். அப்பா சுப்பையன் உள்ளே போனார். வயிற்றில் நான், அம்மாவுக்குத் தலைசுற்றல், வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கதவைச் சாத்தினார்கள். லோரிகள் வந்து நின்றன. அம்மாவைத் துப்பாக்கி காட்டி விரட்டினார்கள். உள்ளே இருந்த ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்தக் கதவு திறந்து அப்பா வெளியே வந்ததை அவள் பார்க்கவேயில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஓசிப் படம் என்றார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு. வகுப்பே போகிறது.

"வெள்ளக்காரனே மூட்ட கட்டுறான். நீ இன்னும் ஜப்பான்காரனுக்குப் பயந்துகிட்டு இருக்கே! வெக்கமா இருக்கும்மா."

மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா இறங்கி வந்தாள்.

"சரி, நானும் வரேன். கதவுகிட்டதான் உக்காரணும்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். கணேசமூர்த்தி வாத்தியார் சன்னல்களை அடைத்தார். பிறகு வெளிச்சம் வராமலிருக்கக் கதவைச் சாத்தினார்.

அவ்வளவுதான். நான் எழுந்து கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"தொறங்க! லோரி வருது, தொறங்க!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கதவில் தாழ்கூடப் போடவில்லை. வாத்தியார் தள்ளியதும் திறந்துகொண்டது. நான் வராந்தாவில் போய் வாந்தியெடுத்தேன்.

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

"பாத்தவ நானு, உக்காந்திருக்கேன். பாக்காதவ நீ..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "ஐயோ, பாவி நான்! சோத்தோட சேத்து இதையும் ஊட்டிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"இங்கயே நில்லு. நான் உள்ள போயி, படம் முடிஞ்சு வெளிய வந்து காட்டுறேன்."

"வேணாம்மா, போகாதே!"

"வாய மூடு."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. ஒன்றரை மணி நேரம் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பக்கத்து வீட்டு ரஹீமா வந்தாள். கடைசியில், வேர்த்து விறுவிறுத்து, அம்மா வந்தாள்.

"பாத்தியா, வந்துட்டேன்ல? ஒரே கொரங்குச் சேட்ட. இதுக்காடி மூணு நாளு பட்டினி கெடந்தே?"

நான் அவளுக்குப் பின்னால், மண்டபத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை ஒரு போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

"யாரத் தேடு..." என்றவள் முடிக்கவில்லை. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வாத்தியார் வெளியே வந்து கதவைப் பூட்டும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.