சாட்சி மேடை

போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஜாஸ்பருக்கு வாழ்க்கையில் ஒரே குறை, எடுத்துச் சொல்ல உருப்படியான பாவம் ஒன்றுகூட இல்லை. வருடாவருடம், ஆசைகளைக் குறைத்துக் காணிக்கை சேர்க்கும் தன்னொறுப்பு வாரக் கடைசியில், அவரவர் பழைய பாவத்தை எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம் சபையில் நடக்கும். யார் உருக்கமாகச் சாட்சி சொல்கிறாரோ அவரைத் தேனியில் எல்லாச் சபைகளும் கூடும் கன்வென்ஷன் மேடைக்குப் பேச அனுப்புவார்கள். போன வருடம் இரும்புக்கடை ஏசுதாசன் தன் குடிப்பழக்கத்தைச் சொல்லி அழுது, மேடையேறி, சால்வையோடு திரும்பினார். அன்றிலிருந்து மனுஷன் கால் தரையில் படவில்லை. ஜாஸ்பருக்கு வயிறு எரிந்தது. பீடியைக்கூடத் தொடாமல் வாழ்ந்து என்னத்தைக் கண்டோம்!

"உங்க மேல உங்களுக்கு இருக்குற ஆசையைச் சொல்லுங்கப்பா. அது நிறைய இருக்கு" என்றாள், மதுரையில் அரசியல் தத்துவம் படிக்கும் மகள் இவாஞ்சலின். "சபையில அதைப் பாவம்ங்கிறாக. எங்க புஸ்தகத்துல அது மனுச சுபாவம், அதைக் கட்டி மேய்க்கத்தான் சட்டமும் ஓட்டும்னு எழுதியிருக்காக."

"எல்லார்கிட்டயும் இருக்கறதைச் சொன்னா எவன் அழுவான்?" என்று ஜாஸ்பர் தள்ளிவிட்டார்.

இந்த வருடக் கூட்டத்திலும் ஏசுதாசன் முந்திக்கொண்டார். கூடப்பிறந்த தம்பியின் நிலத்துக்குள் வரப்பைத் தள்ளிப்போட்ட கதையை அவர் சொன்னதும் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ஜாஸ்பருக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தார்.

"வருசக்கணக்கா ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் போட்டு வித்த பாவி நான்!"

அப்படி ஒரு சாயத்தை அவர் கண்ணாலும் பார்த்ததில்லை. ஆனாலும் சபையே அழுதது. கூட்டம் யூடியூபில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் அவர் மறந்துபோனார்.

மறுநாள் காலையில் அல்லிநகரம் மிட்டாய்க்கடை கருத்தக்கண்ணன், ஜாஸ்பரிடம் வாங்கிய ஏலக்காய் மூட்டையோடு வந்து இறங்கினார். "என் லட்டுல இத்தனை நாளும் சாயத்தையா போட்டுக்கிட்டிருந்தேன், முதலாளி?"

"சத்தியமா இல்லண்ணே. மேடைக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

"அங்கன சொன்னது பொய்யா, இங்கன சொல்றது பொய்யா? அதே இடத்துல நின்னு சொல்லுங்க. நாங்க யூடியூப்ல பாத்துக்கிறோம்."

மற்ற வியாபாரிகளும் அதையே சொன்னார்கள். கடை பிழைக்க வேறு வழியில்லை.

அடுத்த ஞாயிறு ஜாஸ்பர் சபை முன் நின்றார். ஏசுதாசனை மிஞ்சத்தான் பொய்ச் சாட்சி சொன்னேன், என் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்றார். இந்தத் தடவை கண்ணீர் தானாக வந்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு சாட்சியை நான் கேட்டதே இல்ல. தேனி மேடைக்கு நீங்கதான் போகணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஜாஸ்பர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் ஏசுதாசனின் முகம் சுண்டிப்போனது கண்ணில் பட்டது.

"எத்தனை நிமிசம் பேச விடுவாக, ஐயா?" என்றார்.