நூலுக்குள் இறங்காத கஞ்சி

இருந்தவர்கள்: மில் மேனேஜர், நெசவு மாஸ்டர் செல்வதுரை, கஞ்சி காய்ச்சும் முப்பிடாதி, பாவு நூலைக் கஞ்சித் தொட்டிக்குள் ஓட்டும் மெஷினில் இரவு ஷிப்ட் பார்க்கும் சொரிமுத்துவாகிய நான். இன்டர்மீடியட் படிப்பைப் பாதியில் விட்டவன். 1944, காலை ஏழு மணி. ராணுவத் துணிக்கு ஓட்டிய பாவு, தறியில் ஏறியதும் இழை இழையாக அறுந்துவிட்டது. அதற்குத்தான் விசாரணை.

"மாவு கிடைக்காத காலம். இவன் வீட்டுல ஆறு வாய். மாவைக் கடத்திட்டுத் தண்ணிக் கஞ்சியைக் காய்ச்சி ஊத்தியிருக்கான்" என்றார் மாஸ்டர்.

"சத்தியமா இல்லைங்க" என்றார் முப்பிடாதி. வேலை போனால் மில் கடை அரிசியும் போகும். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

நான் மருந்தறையிலிருந்து டிங்சர் அயோடின் எடுத்து வந்தேன். மாவு இருக்கும் இடத்தில் அது நீலமாகும். அறுந்த இழை ஒன்றில் விட்டேன். மேலே கருநீலம். முறுக்கைப் பிரித்தால் உள்ளே வெள்ளை.

"மாவு குறைஞ்சிருந்தா மேலயும் வெளிறித்தான் இருக்கும். இங்கன அடையா நிக்கி. கொழகொழன்னு இருக்க கஞ்சி நூல் இடுக்குல இறங்க நேரம் வேணும் சார். நூலை விரட்டுனா கஞ்சி மேலோட ஒட்டிக்கிட்டு வந்துரும். தறியில உரசுனதும் உதிர்ந்துரும். அப்புறம் வெறும் நூலுதான், அறுந்துரும்" என்றேன்.

மேனேஜர் இழையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"திருட்டு இல்ல. சரி, வேகத்தைக் கூட்டுனது யாரு?"

"நான்தான். மாஸ்டர் கூட்டச் சொன்னார். முப்பிடாதி அண்ணாச்சியும் பக்கத்துல நின்னார்."

செல்வதுரை சிரித்தார். "ஏலே, படிப்பை விட்டாலும் வாத்தியார் வேலையை விடலியே நீ. நான் சொன்னதை யாருலே கேட்டா?"

மேனேஜர் முப்பிடாதியைப் பார்த்தார். முப்பிடாதி என் விரலில் இருந்த கறையைப் பார்த்தார்.

"நீராவிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க."

"இம்புட்டு வேகம் தாங்காதுங்க" என்று பாவு ஓட்டிய அன்றைக்கு மாஸ்டரிடம் கெஞ்சியதே அவர்தான்.

எட்டு மணிக்குக் காவல்கார நயினார் வேலையாள் நம்பர் போட்ட என் பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

"அயோடின் பாட்டில் சட்டைப் பையில இருக்கு பாரு. மில்லு சாமான். அதையும் வச்சுட்டுப் போலே."

வைத்தேன். பெரிய கதவிலிருந்த திட்டிவாசலைக் குனிந்து தாண்டும்போது கஞ்சி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வேகத்தைக் குறைத்திருந்தார்கள்.

நயினார் கதவைச் சாத்திப் பூட்டினான்.